மாமன் மடிச் சோறு

ஜூன் 9

இந்தப் பிள்ளை என்னையே தின்றுவிடும் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் உறிஞ்சி முடித்துவிட்டு, அவ்வளவுதானா என்று கேட்பதுபோல அண்ணாந்து என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு கத்தல். பிறந்து ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் இத்தனை பசி. இவள் அப்பா தறிப்பட்டறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கும் அவர் வாய்க்குமாக இவள் கண் போய்ப் போய் வருகிறது. அவர் மென்றால் இவளும் வாயை அசைக்கிறாள். பாவம், அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குவதில்லை.

பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ராகிக் கூழு சித்த ஊத்து இந்து. வகுறு நெறஞ்சா தூங்கீரும்," என்றார்.

"நர்ஸம்மா ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான்னு சொல்லியிருக்காங்கக்கா. தண்ணிகூட வேண்டாமாம்."

"நாங்கெல்லாம் புள்ளையே வளக்கலியாக்கும்?" முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும். பிள்ளை என்னுடையது.

சாயங்காலம் அண்ணன் போன். ரிக் வண்டியோடு வடக்கே போய் மாசக்கணக்காகிறது. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி, அதில் அவர்தான் டிரில்லர். பின்னால் கம்ப்ரஸர் போட்ட இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "அம்மிணி, ஆனி முடியறதுக்குள்ள ஊருக்கு வந்துருவேன். பாப்பாவுக்கு மொதச் சோறு என்ற மடியிலதான், ஆமா!" என்று கத்தினார்.

வேறு யார் மடி இருக்கிறது? எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் வாய்ச் சோற்றைத் தாய்மாமன் ஊட்ட வேண்டும். மலைக்கோயிலில், அவன் மடியில் உட்கார வைத்து. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் கட்டிக் கொடுத்ததும் அண்ணன்தான். எனக்குப் பிறந்த வீடு என்றால் அவரும் அவர் பெண்டாட்டி, நான் நங்கை என்று கூப்பிடுகிற அண்ணி தேன்மொழியும்தான். வேறு ஆள் கிடையாது.

ஜூன் 21

பூண்டு உரித்து உரித்து விரல் நாறுகிறது. பால் ஊறுவதற்குள் இவள் குடித்துவிடுகிறாள்.

ஜூலை 3

அண்ணன் வண்டி கிளம்பிவிட்டது. அங்கே மழையாம், ரோடெல்லாம் சேறாம், வண்டி உருண்டு உருண்டுதான் வருமாம். ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. பாப்பாவுக்கு ஒரு பட்டுப்பாவாடை எடுத்தேன். இடுப்பில் நிற்கவில்லை, நாடா கோத்துத் தைத்தேன். இவர் சிரிக்கிறார்: "சோறு உண்டா பாவாடை தன்னால நிக்கும் போ."

இன்றைக்கு இவர் தட்டை எட்டிப் பிடித்துக் கவிழ்த்துவிட்டாள். ரசம் பாய் முழுக்க. எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறு சாமி, உன் மாமன் வரட்டும், அண்டாவோடு வைக்கிறேன்.

ஜூலை 7

காலையில் துணி துவைத்தேன். பாப்பாவைக் குளிப்பாட்டினேன். பத்து மணி வாக்கில் ரிக் வண்டி ஏஜெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

தரைப்பாலத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முன்னால் ஒரு பஸ் தாண்டிப் போனதைப் பார்த்து இவர்களும் வண்டியை இறக்கியிருக்கிறார்கள். டிரைவரும் வண்டியில் வேலை செய்த ஒடிசாக்காரப் பையனும் கீழே ஒரு மூங்கில் புதரில் உயிரில்லாமல் கிடைத்தார்களாம். அண்ணன் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ராஜாமணியக்கா எதற்காக மாரில் அடித்துக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. "அக்கா, உங்க வீட்ல சோலி இல்லீங்களா?" என்று கேட்டு அனுப்பினேன். அண்ணனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். எங்கள் ஊர் ஐயன் கிணற்றில் ஒரே மூச்சில் அடிமண் எடுத்து வருகிற ஆள்.

இவர் ஏஜெண்டோடு ரயிலேறிப் போயிருக்கிறார்.

ஜூலை 14

முகூர்த்த நாள் போய்விட்டது. இவர் போனில், "தேடிக்கிட்டிருக்காங்க," என்கிறார். வேறு எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஆனால் பாலுக்காகத் தின்கிறேன். பாப்பா உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் காம்பைக் கடிக்கிறாள். பல் முளைக்கிறது போல.

ஜூலை 22

நர்ஸ் ரோஸ்லின் வந்தார். பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதாம். "இனிமே பால் மட்டும் பத்தாதும்மா. அரிசியும் பருப்பும் கொழைய வெச்சு, மசிச்சு, ஒரு சொட்டு நெய் விட்டு ஆரம்பிங்க. வாழப்பழம், உருளக்கிழங்கு எதுனாலும் சரி. தலை நிக்குது, உக்காருது, நாம தின்னறதப் பாத்து வாயத் தொறக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஆடி மாசமுங்க. ஆடி கழியட்டும்."

"பசிக்கு ஆடி ஆவணி தெரியுமா?"

வாய் ஜாஸ்தி இந்தம்மாவுக்கு. போன மாதம் வரைக்கும் ஒன்றும் தராதே என்றார், இப்போது உடனே தா என்கிறார். சரிங்க சரிங்க என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஆடியில் யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பார்களா?

ஆகஸ்ட் 2

இவர் வந்துவிட்டார். தாடி, கன்னம் ஒட்டிப்போய், ஆளே அடையாளம் தெரியவில்லை. வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கேட்டார். "எதுக்குக் குளிக்கோணும்? சாவு வூட்டுக்கா போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். நான் தண்ணீர் எடுத்து வைக்கவில்லை. அப்படியே உள்ளே வந்து பாப்பாவைத் தூக்கினார்.

"இந்து, பாப்பா எடை கொறஞ்சிருக்குதா?"

"ஒரு மாசம் பாக்காம இருந்துட்டு வந்து கேக்கறீங்களாக்கும்."

ஆகஸ்ட் 19

ஆவணி பிறந்துவிட்டது. சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். ஈரோட்டுப் பெரியப்பா மகனும் எனக்கு அண்ணன் முறைதானாம். அவர் மடியில் வைத்து ஊட்டிவிடலாமாம். ஊரில் அப்படி நடப்பதுதானாம்.

நடக்கும். எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவன் செத்துப்போயிருந்தால் பங்காளியை உட்கார வைப்பார்கள். உயிரோடு இருக்கிற தாய்மாமன் இடத்தில் எவனையும் உட்கார வைக்க மாட்டார்கள். இன்னொருவன் மடியில் பாப்பாவை வைத்தால், அதுதான் அண்ணனுக்குப் பால் ஊற்றுவது. அதை என் கையாலேயே செய்யச் சொல்கிறார்.

தட்டை விட்டெறிந்தேன். சுவரில் குழம்பு இன்னும் இருக்கிறது. "வேற ஆரு ஊட்டுனாலும் செரி, நீங்களே ஊட்டுனாலும் செரி, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன். கெணறு பக்கத்துலதான் இருக்குது," என்றேன். சும்மா சொன்னதுதான். இவர் முகம் வெளுத்துவிட்டது. கிணற்று மேட்டில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறார், பைத்தியம்.

ஆகஸ்ட் 27

பாப்பா இப்போதெல்லாம் முன்போல் கத்துவதில்லை. பால் கொடுத்தால் குடிக்கிறாள், இல்லையென்றால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள். ராஜாமணியக்காவிடம் சொன்னேன். அவர் பாப்பாவின் காலை எடுத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கண் வைக்கிறாரோ என்று உப்பு சுற்றிப் போட்டேன்.

செப்டம்பர் 4

தேன்மொழி நங்கையின் அப்பா வந்தார். காரியம் செய்துவிடலாமாம். உடம்பு கிடைக்காவிட்டாலும் சட்டை வேட்டியை வைத்துச் செய்கிற வழக்கம் உண்டாம். என் சம்மதம் கேட்க வந்தாராம்.

"உங்க மக சொல்லி அனுப்புச்சுங்களா?"

"அது வாயே தொறக்கறதில்ல அம்மிணி. நீ செரின்னாத்தான் அதுவும் செரிங்கும்."

அம்மிணி என்று அவர் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி என்னைக் கூப்பிட ஒரே ஆள்தான். காப்பி வைத்துக் கொடுத்தேன், குடித்தார். "எங்கண்ணன் வந்து நின்னா உங்க மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்குவீங்க?" என்று கேட்டேன். பெரிய மனுஷன், எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 11

அங்கன்வாடியில் எடை போடக் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் தராசையும் பார்க்கிறார், பாப்பாவையும் பார்க்கிறார், மறுபடி தராசைத் தட்டிப் பார்க்கிறார்.

"என்ன ஊட்டறீங்க?"

"சோறு, பருப்பு, கேரட்டு, எல்லாந்தான்."

"உண்குதா?"

"நல்லா உண்குது."

"மேல் கை இத்தினியூண்டு இருக்குது. உண்கற புள்ளைக்கு இப்படி இருக்காதும்மா."

"இவங்கப்பன் ஒல்லி. அந்த வாகு." சத்துமாவு பாக்கெட் கொடுத்து, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். மாவை ராஜாமணியக்கா எருமைக்குக் கரைத்து வைத்தேன். எருமை உறிஞ்சிக் குடித்தது. பாப்பா என் இடுப்பில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. இவர்களுக்கெல்லாம் எங்கிருந்து விளக்குவது? அண்ணன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாராவது காப்பாற்றி வைத்திருப்பார்கள். பாஷை தெரியாத ஊர், போன் தண்ணீரில் போயிருக்கும், என் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. அடிபட்டிருந்தால் பேச்சு வராமல்கூட இருக்கலாம். இதெல்லாம் நடக்காததா?

செப்டம்பர் 20

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவைச் சுவரோரம் தலையணை அணைத்து உட்கார வைத்திருந்தேன். கொஞ்ச நாளாக அவள் கையைக் காலை அதிகம் ஆட்டுவதில்லை, அதனால் நான் கவனிக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எப்படிச் சாய்ந்தாளோ, எப்படி நகர்ந்தாளோ, அவர் தட்டுக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்த சோற்றை அள்ளி வாயில் வைத்துவிட்டாள். இவர் பார்த்தார். பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

நான் கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். பாப்பா வாயை இறுக்கிக்கொண்டாள். கன்னத்தை அழுத்தித் திறந்து, விரலை விட்டு, சோற்றைத் தோண்டி எடுத்தேன். எல்லாவற்றையும். அண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து எடுத்தேன். என் விரலைச் சப்பினாள். விரலில் ஒட்டியிருந்த கஞ்சியை.

அழவில்லை அவள். ஓங்கி ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.

இவர் என்னைத் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எச்சில் கையோடு எழுந்து வெளியே போனார்.

அண்ணன் வந்து கேட்டால் நான் தைரியமாகச் சொல்வேன், உன் மருமகள் வாயில் ஒரு பருக்கை இறங்க விடவில்லை என்று.

செப்டம்பர் 22

தேன்மொழி நங்கை வந்தார். இவர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ மட்டும் இல்லை. பாப்பாவை வாங்கி மாரோடு அணைத்தார். தூக்கியதும் கனமில்லாததில் கை சட்டென்று மேலே போய்விட்டது.

"இந்து, நான் ஊட்டட்டுமா?"

"நீங்க மாமன் இல்லீங்க நங்கை."

"மாமன்ற பொண்டாட்டி."

"மாமன் இருக்கும்போது பொண்டாட்டி எதுக்கு?"

நங்கை என்னையே பார்த்தார். "நானுந்தான் வருவாருன்னு பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். ஊரே சிரிக்குது. எங்கய்யன் எங்கிட்டப் பேசறதில்ல. நான் காத்திருந்தா என்ற வகுறுதான் காயும் கண்ணு. நீ காத்திருந்தா இவ வகுறு காயுதே."

"உங்களுக்கு அண்ணன் போனா வேற சனம் இருக்குது. எனக்கு ஆரு இருக்கறாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. போனால் என்று என் வாயில் எப்படி வந்தது? நங்கையும் கவனித்துவிட்டார். பாப்பாவைப் பாயில் படுக்க வைத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 29

வயிற்றுப்போக்கு. காய்ச்சல். மடியில் துணி மாற்றி மாளவில்லை.

செப்டம்பர் 30

பெரிய ஆஸ்பத்திரி. காலையில் பாப்பா கண் திறக்கவில்லை. இவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, பாப்பாவை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. கையில், காலில், கடைசியில் தலையில் குத்தினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சொட்டுச் சொட்டாகப் பால் இறக்குகிறார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். "பொறந்ததுல இருந்து என்னென்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். பால் என்றேன். "அப்புறம்?" பால்தானுங்க என்றேன்.

"எட்டு மாசம் தாண்டிருச்சேம்மா. வேற ஒண்ணுமே குடுக்கலையா?" என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக் குரலைத் தணித்துக் கேட்டார். "வீட்ல சாப்பாட்டுக்குச் சிரமமா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் மூட்டையாகப் பொன்னி அரிசி இருக்கிறது. இல்லை என்று சொல்லவும் முடியாமல், ஆமாம் என்று சொல்லவும் முடியாமல் அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிற்க வைத்தது நான்.

அக்டோபர் 3

உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். மூளை வளர்கிற காலமாம் இது. பக்கத்துக் கட்டிலில் இவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறான். அவனுடைய அம்மா அதட்டிக்கொண்டே ஊட்டுகிறாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 6

குழாயை எடுத்துவிட்டார்கள். பருப்புச் சோறு கரைத்து, வாயால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. இவர் கடையில் வாங்கப் புறப்பட்டார். "நங்கைய வரச் சொல்லுங்க," என்றேன். இவர் நம்பாமல் நின்றார். "நங்கைதானுங்க. சோறு ஆக்கிக் கொண்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

தேன்மொழி நங்கை மத்தியானத்துக்கே வந்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே தரையில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பாப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நங்கையின் கை சோற்றில் இருக்கிறது, ஆனால் பிசையவில்லை.

"இந்து, நல்லா யோசிச்சுக்க. நான் ஊட்டிட்டா அப்பறம் நீ என்னையக் கேக்கக் கூடாது."

"ஊட்டுங்க நங்கை." பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். "எங்கண்ணன் வராது. அது அன்னைக்கே தண்ணியோட போயிருச்சு."

நங்கை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவரும் அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாரோ, கேட்கக் கூடாது என்றுதான் காத்திருந்தாரோ. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதார். வார்டே எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும்.

நங்கை சோற்றைப் பிசைந்து, ஊதி, நுனி விரலில் எடுத்துப் பாப்பா உதட்டில் வைத்தார்.

பாப்பா வாயைத் திறக்கவில்லை.

"ஆ காட்டு சாமி. ஆ." உதட்டை விலக்கி உள்ளே வைத்தார். நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். மறுபடி வைத்தார். தள்ளிவிட்டாள். முகத்தை நங்கையின் புடவையில் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து, என் வாயில் ஒரு பிடி சோற்றைப் போட்டு மென்று காட்டினேன். பார்க்கவே இல்லை. தட்டைக் கவிழ்த்தவள் இவள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "பசின்னா என்னன்னே இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மறந்து போயிரும்மா. விடாம முயற்சி பண்ணுங்க. சில பிள்ளைங்க திரும்ப ஆரம்பிக்கும்." மற்றப் பிள்ளைகள் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 8

இன்றைக்கும் துப்பிவிட்டாள்.

அக்டோபர் 11

நேற்று ஊரில் அண்ணனுக்குக் காரியம் செய்தார்கள். நான் போகவில்லை, பாப்பாவோடு இங்கே இருந்தேன். முடித்துவிட்டு நங்கை விடியற்காலை முதல் பஸ்ஸில் சோறு வைத்த தூக்குப்போசியோடு வந்துவிட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் பார்க்கவும் முடியாமல், பார்க்காமலிருக்கவும் முடியாமல் தூக்குப்போசியை வாங்கி வைத்தேன்.

பாப்பாவுக்காகத்தான் என் அண்ணனைக் கொடுத்தேன். ஒரு வாய்ச் சோற்றுக்காக. அந்த ஒரு வாயை அவள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

மூக்கில் மறுபடி குழாய் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. பாப்பாவை எடுத்து அவர் மடியில் வைக்க வேண்டும்.